ரெயின்கோட்டை ஊதுகிறேன்: மழைநாட்டில் இரண்டு வருடம் ஒரு பேக்பைப் பையோடு

இந்தப் பை என் கைக்கு வந்து இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆகிறது. வந்த வாரத்திலேயே எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். ஆறு மாதத்தில் எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இப்போது இரண்டு மே மாத மழையையும் இரண்டு டிசம்பர் குளிரையும் அது பார்த்துவிட்டது. இனி எழுதலாம்.

நான் இலங்கை மலைநாட்டில் டிக்கோயாப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். சனி, ஞாயிறும் சீசன் நாட்களிலும் பேக்பைப் ஊதுவேன். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் சாயங்காலத்தில் புல்வெளியில் நின்று ஊத வேண்டும், அப்புறம் கல்யாணங்கள், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகள். தோட்டத்துப் பிள்ளைக்கு ஏன் இந்த வெள்ளைக்காரன் வாத்தியம் என்று கேட்காத ஆள் இல்லை. இங்கே தோட்டங்களின் பெயரைப் பாருங்கள்: டன்சினன், ஹோலிரூட், பெல்மோரல், எடின்பரோ. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரே ஸ்கொட்லாந்துக்காரர்தான். ஊர்ப் பெயரையெல்லாம் நட்டுவிட்டுப் போனவர்கள் வாத்தியத்தையும் கொஞ்சம் விட்டுப் போனால் என்ன? அதோடு காற்றுப் பையில் சுருதி ஊதுவது நமக்கும் புதிதில்லை. ஆட்டுத்தோலில் செய்த துத்தி என்ற சுருதி வாத்தியம் தென்னிந்தியாவில் இருந்ததுதான்.

இதைப் பார்த்தே இராதவர்களுக்கு நாதஸ்வரக் கணக்கில் சொல்கிறேன். விரல் வைத்து வாசிக்கும் குழல், சாண்டர், அதுதான் நாயனம். தோளில் சாய்ந்து நிற்கும் மூன்று ட்ரோனும் ஒத்து. (பறக்கிற ட்ரோன் இல்லை. ஒவ்வொரு வருடமும் ஆறாம் வகுப்பில் ஒருவன் கேட்பான்.) இரண்டு சின்ன ட்ரோன் சாண்டரின் ஆதார சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே, பெரியது இரண்டு ஸ்தாயி கீழே. சாண்டரில் மொத்தம் ஒன்பது சுரம்தான். வரிசையைக் கேட்டால் ஹரிகாம்போதி ஞாபகம் வரும். சாண்டருக்குள் சீவாளி மாதிரி இரண்டு இதழ் உள்ள ரீட். ட்ரோன்களுக்குள் ஒரே நாக்கு வெட்டிய ரீட். நாலுக்கும் காற்றுக் கொடுப்பது கைக்கடியில் இருக்கும் பை.

என் பெரியப்பா தோட்டத்துக் கோவிலில் நாற்பது வருடம் நாயனம் வாசித்தவர். சீவாளி வாய்க்குள் இருக்கும். உதடு அதை நனைக்கும், அழுத்தும், விடும். பேக்பைப் ரீட் கட்டைக்குள் ஒளிந்திருக்கும். அதை உதடும் தொடாது, கண்ணும் பார்க்காது. நாயனத்தில் உதடு செய்கிற வேலை முழுவதையும் இங்கே பைதான் செய்யவேண்டும். அதனால்தான் இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன். பையைப் பற்றி மட்டும் எழுதினால் பாதிக் கதைதான்.

என் முதல் பை தோல். எனக்குப் படிப்பித்த மாஸ்டர் பழைய ராணுவ பேண்ட்காரர். தன்னுடைய இரண்டாவது செட்டை எனக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். அது சியால்கோட்டில் செய்தது. கிரிக்கெட் பேட்டும் ஃபுட்போலும் செய்கிற அதே பாகிஸ்தான் ஊர் பேக்பைப்பும் செய்து உலகம் முழுக்க அனுப்புகிறது. தோல் பையின் தையலும் துவாரங்களும் காற்றுக் கசியாமல் இருக்க, உள்ளே 'சீசனிங்' என்று ஒரு குழம்பு ஊற்றிப் பிசைய வேண்டும். கடையில் டப்பாவில் வரும். அந்தக் காலத்து ஸ்கொட்லாந்துக்காரர்கள் தேன், பாகு, முட்டை வெள்ளை என்று வீட்டில் இருப்பதை வைத்தே செய்திருக்கிறார்கள். பாகு என்று படித்ததும் எனக்குப் புத்தி போனது. டப்பாவுக்கு ஏன் காசு, வீட்டில் நல்ல கித்துள் பாணி ஒரு போத்தல் இருக்கிறதே என்று இளஞ்சூடாக்கி ஊற்றிப் பிசைந்தேன். இரண்டு நாள் காற்று அசையவில்லை. மூன்றாம் நாள் காலையில் அலமாரியில் இருந்து கதவு வரைக்கும் எறும்பு வரிசை. வீட்டுக்காரி பேசாமல் வாசலைக் காட்டினாள். பையோடுதான் வெளியே போனேன்.

எறும்பைக்கூட மன்னிக்கலாம். தோல் பைக்கு இங்கே உண்மையான எதிரி ஈரம். தோல் நம் மூச்சின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஊதி முடித்தபின் மெதுவாக வெளியே விடும். அதுதான் அதன் அழகு. வறண்ட ஊரில் அதைப் போல ஒன்று கிடையாது. இங்கே ஜூனில் துவைத்த சட்டை நாலு நாள் கொடியில் கிடந்தும் காயாது, அடுப்படியில் போட்டால்தான் உண்டு. தோலுக்கு எப்போது காய நேரம்? உறிஞ்சியது உறிஞ்சியபடியே இருக்கும். அப்புறம் ஒரு வாடை வரும். கறுப்பாகப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம் வரும்.

புதுப் பை வாங்கும் முடிவு ஒரு டிசம்பர் 31ஆம் திகதி இரவில் வந்தது. ஹோட்டல் புல்வெளி, நல்ல பனி, நூறு பேர் கையில் கிளாஸோடு நிற்கிறார்கள். பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம். பெரிய ட்ரோன் முதலில் கரகர என்றது. ஹுக்கா இழுக்கிற சத்தம். அப்புறம் நின்றேவிட்டது. உள்ளே இருந்தது மூங்கில் மாதிரி நாணலில் செய்த ரீட். அதன் நாக்கில் ஒரு துளி தண்ணீர் விழுந்து ஒட்டிக்கொண்டது. ஒரு ட்ரோன் நின்றால் அது குடிக்க வேண்டிய காற்றும் மற்றவற்றுக்குப் போகும். சாண்டர் வீறிட்டது. கை தட்டினார்கள். குடித்திருந்தார்கள். எனக்கு மட்டும் அந்தக் குளிரில் வேர்த்தது.

அடுத்த நாளே தேட ஆரம்பித்தேன். சந்தையில் இருப்பதை மூன்றாகச் சொல்லலாம். சுத்தத் தோல், சுத்த செயற்கைத் துணி, வெளியே தோலும் உள்ளே செயற்கைத் துணியுமான கலப்பு. செயற்கைப் பைகளில் கேன்மோர், பானடைன் என்ற பெயர்கள் அடிக்கடி காதில் விழும். என்னிடம் இருப்பது எது என்று நான் சொல்லப்போவதில்லை. கீழே நான் சொல்கிற குறைகள் ஒரு கம்பெனியின் குறை இல்லை, அந்த வகைத் துணியின் குணம். எது வாங்கினாலும் இங்கே அப்படித்தான் இருக்கும்.

நான் எடுத்தது கோர்டெக்ஸ் வகைத் துணிப் பை, அடியில் நீளமாக ஜிப் வைத்தது, மீடியம் சைஸ். ஒரு சொந்தக்காரர் லண்டனில் வாங்கிச் சூட்கேஸில் கொண்டுவந்தார். அதற்கு முன் ஒரு ஆன்லைன் கடையில் வேறொரு பை வாங்கி, ஏழு வாரம் காத்திருந்து, கழுத்துத் தையலில் கசிவோடு வந்து, திருப்பி அனுப்பும் செலவு பையின் விலையைத் தொட்டதால் அப்படியே கட்டிலுக்கடியில் போட்ட கதை ஒன்று உண்டு. அது வேண்டாம்.

பையைப் பிரித்ததும் பெரியப்பா தடவிப் பார்த்தார். "என்னடா இது, ஆட்டுத்தோலை விட்டுட்டு ரெயின்கோட்டைக் கொண்டாந்திருக்க?"

சரியாகத்தான் சொன்னார். மலையேறுகிறவர்கள் போடும் விலைகூடின ரெயின்கோட்டில் இருக்கும் அதே சங்கதிதான். துணியில் உள்ள துவாரங்கள் தண்ணீர்த் துளி நுழைய முடியாத அளவு சின்னவை. நீராவி மட்டும் நுழைந்து வெளியேறும். சீசனிங் வேண்டாம், பிசைய வேண்டாம், எறும்பு வராது.

பொருத்துவது சுகம். பேக்பைப் பையில் ஐந்து கட்டைகளைக் கட்ட வேண்டும், 'ஸ்டொக்' என்பார்கள்: ஊதுகுழலுக்கு ஒன்று, சாண்டருக்கு ஒன்று, ட்ரோன்களுக்கு மூன்று. தோல் பையில் ஒவ்வொன்றையும் மெழுகு நூலால் சுற்றி, நூலின் மறுமுனையைக் கதவுப் பிடியில் கட்டி, உடம்பு முழுவதையும் சாய்த்து இழுப்பார் மாஸ்டர். ஒரு நாள் வேலை. உள்ளங்கையில் நூல் தடம் ஒரு வாரம் இருக்கும். இதில் றப்பர் கழுத்துகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஸ்டொக்கைச் செருகி, காஸ் குழாய்க்குப் போடுகிற மாதிரியான கிளிப்பைத் திருப்புளியால் முறுக்கினால் முடிந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன் ஐந்தையும் போட்டுவிட்டேன்.

சைஸில்தான் சறுக்கினேன். நான் ஐந்தடி நாலங்குலம். மீடியம் எனக்குக் கொஞ்சம் அதிகம். பை பெரிதானால் இடது தோள் தன்னால் மேலே ஏறும், கை பையை அணைக்காமல் அதன்மேல் தொங்கும், ஒரு மணி நேரத்தில் பிடரி பிடித்துக்கொள்ளும். என்னைப் போல் குள்ளமானவர்களும் பெண்பிள்ளைகளும் ஸ்மோல் எடுங்கள். பெரிய பை என்றால் நிறையக் காற்று, சுகமாக ஊதலாம் என்பது தப்புக் கணக்கு. எத்தனை பெரிய பையாக இருந்தாலும் உள்ளே போகிற காற்று உங்கள் மூச்சுதான்.

கசிவு பார்ப்பது எப்படி என்று நிறையப் பேர் கேட்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நாலு ஸ்டொக்கையும் தக்கை வைத்து அடைத்துவிட்டு, ஊதுகுழல் வழியாக இனி போகாது என்கிற வரை ஊதுங்கள். பை பலகை மாதிரி ஆகும். மேசையில் வைத்துவிட்டு ஒரு பிளேன்டீ குடியுங்கள். திரும்பி வந்து கையால் அழுத்தும்போது அதே பலகை என்றால் நல்லது. தளர்ந்திருந்தால் பையைக் குற்றம் சொல்ல அவசரப்படாதீர்கள். முதலில் ஊதுகுழலின் அடியில் இருக்கும் வால்வைப் பாருங்கள். காற்று திரும்பி வராமல் மூடுகிற சின்ன மடல் அது. குழலைக் கழற்றி, வால்வு இல்லாத பக்கத்தை வாயில் வைத்து உறிஞ்சினால் மடல் இறுகி, குழல் நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டும். நிற்காவிட்டால் கசிவு அங்கேதான். அடுத்தது மூட்டுகளில் சுற்றிய நூல். அதற்கும் பிறகுதான் பை. சோப்புத் தண்ணீரைத் தையலிலும் கழுத்திலும் தடவினால் கசிகிற இடத்தில் குமிழி வரும், சைக்கிள் டியூபுக்குப் பார்ப்பது மாதிரி. என்னிடம் 'பை ஓட்டை' என்று கொண்டுவரும் பிள்ளைகளில் பத்துக்கு ஏழு பேருக்கு நூல்தான் தளர்ந்திருக்கும். ஸ்கொட்லாந்தில் மஞ்சள் சணல்நூல் வாங்குவார்கள். நான் ஹட்டன் டவுனில் செருப்புத் தைப்பவரிடம் மெழுகு நூல் வாங்குகிறேன். அவசரத்துக்குக் குழாய் வேலைக்காரர்கள் சுற்றுகிற வெள்ளை டேப். ரீடுக்கு அடியில் மட்டும் டேப் வேண்டாம், வழுக்கி வெளியே வந்துவிடும்.

என் பை அந்தச் சோதனையில் இரண்டு பிளேன்டீ தாண்டியது. ஏப்ரல் வரை தேனிலவு. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் ஒரே வாரத்தில் ஒன்பது முறை ஊதினேன், ஒரு கரகரப்பு இல்லை.

மே கடைசியில் மழை இறங்கியது. பள்ளிக்கூட மண்டபத்தில் நாற்பது நிமிடம் ஊதிவிட்டு ஜிப்பைத் திறந்தால், உள்ளே தண்ணீர் ஓடியது. ஈரம் என்று சொல்லவில்லை, ஓடியது. சாய்த்தபோது சிமெந்துத் தரையில் கொட்டியது. நீராவி வெளியேறும் என்றார்களே, எங்கே வெளியேறியது?

அன்றிரவு அதே யோசனை. விடிய எழுந்து குசினிக்குப் போனபோது மேலே இருந்து ஒரு சொட்டு கழுத்தில் விழுந்தது. மழை விட்டிருந்தது, கூரையில் ஓட்டையும் இல்லை. லயத்தில், தோட்டத்துத் தகரக் கூரை வரிசை வீட்டில், பிறந்தவர்களுக்கு இது தெரியும். அடுப்பு மூட்டிய பிறகு தகரத்தின் உள்பக்கம் வேர்த்துச் சொட்டும். வெளியே குளிர், உள்ளே சூட்டு ஆவி. ஆவி தகரத்தைத் தொட்டதும் தண்ணீராகிவிடும். பையில் நடப்பதும் அதேதான். மூச்சு சூடானது, ஈரம் நிறைந்தது. வெளியே பதினைந்து பாகைக் குளிர், காற்றிலும் ஏற்கெனவே ஈரம் முட்ட முட்ட. துணியைத் தொட்டதும் ஆவி தண்ணீராகிவிடுகிறது. தண்ணீரானதும் துவாரத்துக்குள் நுழைய முடியாது. வெளியே காய்ந்த காற்று இருந்தால்தான் ரெயின்கோட் மூச்சு விடும். ஜூலை ஹட்டனில் காய்ந்த காற்றுக்கு எங்கே போவது? தோல் அந்தத் தண்ணீரைக் கொஞ்சமாவது குடிக்கும். இந்தத் துணி சொட்டுகூடக் குடிக்காது. மிச்சம் அத்தனையும் ரீட் தலையில்.

இந்தப் பையைப் பற்றி நான் சொல்ல வேண்டிய ஒரே முக்கியமான சங்கதி இதுதான். விளம்பரத்தில் பொய் இல்லை. ஆனால் அது எழுதப்பட்ட ஊர் வேறு. மலைநாட்டில் தென்மேற்கு மழைப் பக்கத்தில் இருப்பவர்கள், ஹட்டன், நோர்ட்டன், வட்டவளைக்காரர்கள் எல்லாம், பையை வாங்கும்போதே தண்ணீர் பிடிக்கும் குழாயையும் சேர்த்து வாங்கவேண்டும். அது ஊதுகுழல் ஸ்டொக்கின் உள்முனையில் மாட்டுகிற ஒரு பிளாஸ்டிக் குழாய். மூச்சு அதைச் சுற்றிப் போய்த்தான் பைக்குள் இறங்கும், தண்ணீர் அதிலேயே தங்கும். நான் ஒரு மணி நேரம் ஊதினால் அதில் இரண்டு தேக்கரண்டி தண்ணீருக்குக் குறையாது. அளந்து பார்த்தேன், கணக்கு வாத்தியார் புத்தி. இதை மாட்டவும் கழற்றவும்தான் ஜிப். ஜிப் இல்லாத செயற்கைப் பையை இந்தப் பக்கத்தில் யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒரு படி போனால், சிலிக்கா மணிகள் நிரப்பிய டப்பாவைப் பைக்குள் வைத்து, அதிலிருந்து குழாய்களை ட்ரோன்களுக்கு இழுக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. மணிகள் ஈரத்தைக் குடித்து நிறம் மாறும், சூட்டில் காயவைத்தால் பழைய நிறம் வரும். நண்பர் ஒருவருடையதை வாங்கி ஒரு மாதம் பார்த்தேன். மழைக்கு அருமை. பெப்ரவரியில் நுவரெலியாவின் காய்ந்த குளிரில் அதையே வைத்திருந்தபோது கைக்கடியில் ஒரு குட்டித் தேயிலை ட்ரையரே ஓடுகிற மாதிரி இருந்தது, உள்ளே காற்றே வறண்டுபோனது. விலையும் பாதிப் பைக்கு வரும். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இனி ரீட்.

ட்ரோன் ரீடில் எனக்குச் சந்தேகமே இல்லை: செயற்கை. பிளாஸ்டிக் உடம்பு, கார்பன் ஃபைபரிலோ வேறு எதிலோ நாக்கு, கட்டுக்கு ஒரு றப்பர் வளையம். நாணல் ரீடின் சத்தத்தில் ஒரு மணம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். தோல் பையோடு சேர்ந்தால் அது தேன்தான். ஆனால் அதன் நாக்கு ஈரத்தில் மூடிக்கொண்டால், தூக்கிவிட அடியில் ஒரு தலைமுடியைச் செருகவேண்டும். பழைய பைப்பர்களின் வைத்தியம் அது. நான் வீட்டுக்காரியின் தலையணையில் இருந்து பொறுக்கியிருக்கிறேன். டிசம்பர் 31இல் புல்வெளியில் நின்றுகொண்டு யாரிடம் முடி கேட்பது?

செயற்கை ரீடிலும் வேலை இருக்கிறது, இல்லை என்று நினைக்காதீர்கள். வாங்கியபடியே செருகினால் மூன்றும் சேர்ந்து காற்றை விழுங்கிவிடும். கட்டு வளையத்தை நாக்கின் நுனிப் பக்கம் ஒரு நூலிழை தள்ளினால் அதிர்கிற நீளம் குறையும், சுரம் ஏறும், காற்று மிச்சமாகும். அதிகம் தள்ளினால் கொஞ்சம் அழுத்தி ஊதினாலே மூடிக்கொள்ளும். நான் குறி வைக்கும் இடம் இது: சாண்டர் நன்றாகப் பாடுகிற அழுத்தத்துக்கு ஒரு சிட்டிகை மேலே போனால் ட்ரோன் நிற்கவேண்டும். இதைக் காதால் மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். மேசன்மார் மட்டம் பார்க்கிற தெளிவான குழாயை வாங்கிச் சுவரில் யூ மாதிரி மாட்டி, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைப் பையோடு சேர்த்தேன். ஊதும்போது இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அழுத்தம். என் சாண்டர் 30 அங்குலத்தில் பாடுகிறது. ட்ரோன்களை 33, 34இல் நிற்கிற மாதிரி வைத்திருக்கிறேன். குழாயின் விலை, ஒரு நல்ல ரீடுக்குக் கொடுப்பதில் இருபதில் ஒரு பங்கு இருக்காது. மாணவர்களுக்கு இதைக் காட்டியது பாதி விஞ்ஞானப் பாடமும் ஆயிற்று.

சாண்டர் ரீட் மட்டும் நாணல்தான். செயற்கையும் விற்கிறார்கள், ஊதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. இது அருண்டோ டோனக்ஸ் என்கிற நாணல். ஓபோ, கிளாரினெட் ரீடும் இதில்தான் செய்வார்கள். மத்தியதரைக்கடல் பக்கத்தில் விளைகிறது. செம்புக் குழாயின் மேல் இரண்டு இதழ், நடுவில் நூல் கட்டு. சீவாளியின் தூரத்துச் சொந்தம். திருவாவடுதுறையில் இருந்து வரவழைத்த தன் சீவாளிகளையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெரியப்பா கேட்டார்: "இத ஏன்டா நனைக்காம வச்சிருக்க?" வாயில் வைத்து ஊதினார். காகம் கரைந்தது. "ம், இது உசிரோட இருக்கு" என்று அடுத்ததை எடுத்தார். அந்தச் சத்தத்துக்கு ஆங்கிலத்திலும் காகத்தின் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னபோது அவருக்கு ஆச்சரியமில்லை. காகம் எல்லா ஊரிலும் இருக்கும்தானே என்றார்.

வாங்கும்போது லேசு, நடுத்தரம், கடினம் என்று பலம் சொல்லித்தான் விற்பார்கள். கடினம் வாங்கிச் சுரண்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஐந்து ரீடை அப்படிக் கொன்றிருக்கிறேன். அடியில் நூல் கட்டுக்கு மேலே விரலால் மெல்ல அழுத்தி இளக்குவது வரைக்கும் சரி. மணல்தாள் எடுத்தால் இரண்டே இரண்டு இழுப்பு, அப்புறம் ஊதிப் பார்க்கவேண்டும். நுனியைத் தொடவே கூடாது. ரீடை சாண்டருக்குள் ஆழமாகச் செருகினால் எல்லாச் சுரமும் ஏறும், ஆனால் மேல் சுரங்கள் கூடுதலாக ஏறும். மேல் ஸ்தாயி மந்தமாக இருக்கிறதா, ஒரு சுற்று நூலைக் கழற்றி உள்ளே இறக்குங்கள். வீறிடுகிறதா, ஒரு சுற்று ஏற்றுங்கள்.

குளிரில் சாண்டர் இறங்கும், ஊத ஊதச் சூடாகி ஏறும். நுவரெலியாவில் பதினைந்து நிமிடம் கார்ப் பார்க்கில் நின்று ஊதாமல் நான் மேடைக்குப் போவதில்லை. என் சாண்டரின் ஆதார சுரம், கீழ் ஏ, சூடானபின் 476 ஹேர்ட்ஸில் நிற்கும். கல்யாண வீட்டுக் கீபோர்ட்காரத் தம்பிகள் "என்ன ஸ்கேல் அண்ணே?" என்று கேட்பார்கள். பி ஃபிளாட்டுக்கு மேலே, பிக்குக் கீழே என்பேன். நீங்கள் தனியாகவே ஊதுங்கள் அண்ணே என்பார்கள்.

ஊதி முடித்ததும் சாண்டரைக் கழற்றி ரீடுக்கு மூடி போடச் சொல்வார்கள், காயாமல் இருக்க. அந்தப் புத்திமதியும் காய்ந்த ஊருக்குச் சொன்னது. மழை மாதத்தில் நான் மூடியில் நாலு துவாரம் போட்ட ஒன்றைப் பாவிக்கிறேன். இல்லாவிட்டால் நாணலில் கறுப்புப் புள்ளி வருகிறது.

பூஞ்சணத்தை விளையாட்டாக எடுக்கவேண்டாம். 2016இல் தோராக்ஸ் என்ற மருத்துவ இதழில் ஒரு நோயாளியின் கதை வந்தது. இங்கிலாந்துக்காரர், 61 வயது, தினமும் பேக்பைப் ஊதியவர். ஏழு வருடம் இருமலும் மூச்சுத் திணறலும். மூன்று மாதம் ஆஸ்திரேலியா போனார், வாத்தியத்தைக் கொண்டுபோகவில்லை, அங்கே நோய் வேகமாகக் குறைந்தது. அவருடைய பையிலும் ரீட் மூடியிலும் கழுத்துப் பக்கத்திலும் பல வகைப் பூஞ்சணம் எடுத்தார்கள். ஆளைக் காப்பாற்ற முடியவில்லை. அதைப் படித்த அன்றைக்கே என் பழைய தோல் பையை ஊதுவதை நிறுத்தினேன்.

ஆனாலும் புதுப் பையை நானே ஒரு தடவை கெடுத்தேன். போன வருடம் தவணைப் பரீட்சைத் தாள் திருத்துகிற அவசரத்தில் இரண்டு வாரம் ஜிப்பைத் திறக்காமல் பெட்டியில் போட்டுவிட்டேன். திறந்தபோது ஈரச் சாக்கு வாடை. கட்டைகளையும் ரீடையும் கழற்றி, கையை உள்ளே விட்டு, சோப்புத் துணியால் மடிப்பு மடிப்பாகத் துடைத்து, அலசி, ஜிப்பைப் பிளந்து வைத்து அடுப்புக்கு எட்டத்தில் மூன்று நாள் தொங்கவிட்டேன். வாடை போனது. தோல் பையில் இதைச் செய்யவே முடியாது. இப்போதெல்லாம் ஊதி முடித்த ராத்திரியே ஜிப்பைத் திறந்து, உள்ளே ஒரு பழைய துவாயைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் தூங்குவேன்.

ஜிப்பைப் பற்றி ஒன்று. காற்று இறுக்கமாக மூட வேண்டும் என்பதால் அது முரட்டு ஜிப். பையோடு வந்த மசகை முனைகளில் மாதம் ஒருமுறை தடவவேண்டும். நான் மறந்து, ஒருநாள் மேடைக்கு முன்னால் பல்லைக் கடித்து இழுத்து, விரல் தோலை அதில் விட்டேன். ஜிப் நன்றாகவே இருக்கிறது.

மார்க் போடுகிறேன், தொழில் பழக்கம். பைக்கு நூற்றுக்கு 78. தண்ணீர்க் குழாயோடு சேர்த்து 88. செயற்கை ட்ரோன் ரீடுக்கு 90. குறைந்த மார்க்கெல்லாம் விலைக்குத்தான்: பை, குழாய், மூன்று ட்ரோன் ரீட், நாலு சாண்டர் ரீட் எல்லாம் சேர்ந்து என் இரண்டு மாதச் சம்பளத்தைத் தொட்டது. காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் ட்ரோன் ரீடை மாற்றுங்கள், அப்புறம் வால்வு, அப்புறம்தான் பை. கண்டி, மாத்தளைப் பக்கம் இருப்பவர்களுக்கு வெயில் கொஞ்சம் தாராளம், அவர்கள் கலப்புப் பையைப் பார்க்கலாம். என் மாணவி ஒருத்தி கண்டியில் அதை வைத்திருக்கிறாள். கையில் பிடிக்க என்னுடையதைவிடச் சுகமாக இருக்கிறது. என் ரெயின்கோட் வேர்த்த கைக்கு வழுக்கும். அதற்காகவே தையல்காரரிடம் கோர்ட்ராய் துணியில் உறை தைத்தேன். கறுப்புத்தான் வேண்டும் என்றேன், அவரிடம் மிச்சம் இருந்தது மெரூன்.

பழைய தோல் பையைப் பெரியப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். கழுவி, வெயில் கண்ட நாலு நாளும் காயவைத்து, வெட்டி, சீவாளி வைக்க மூன்று உறை தைத்திருக்கிறார். இன்னும் ஒரு மூலையில் கித்துள் வாடை வருகிறதாம்.